சோளத்துக்கு அந்த ஊரில் என்ன பெயர்?

மாணவர்களே, இதைப் படிக்கும் இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பக்கத்தில் உங்களைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை என்றால் இன்னும் நல்லது. விரல்களால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்லுங்கள். ஒன்றும் மாறவில்லை அல்லவா? இப்போது அதேபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லுங்கள். 'மாமா' வராது. கடுமையாகச் சளி பிடித்தவர் பேசுவதுபோல், 'பாபா' என்பதற்கு நெருக்கமாக ஏதோ ஒன்றுதான் வரும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு சிறு கண்ணாடியை மூக்குத் துவாரங்களுக்குக் கீழே பிடித்துக்கொண்டு 'மா' என்று சொல்லுங்கள். கண்ணாடியில் ஆவி படியும். துடைத்துவிட்டு 'பா' என்று சொல்லுங்கள். சொல்லி முடித்து மூச்சு விடுவதற்குள் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். இம்முறை ஆவி இருக்காது. குளிரூட்டிய அறையில் இருந்த கண்ணாடி என்றால் வேறுபாடு நன்றாகத் தெரியும்.

காரணம் உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கிறது. வாயின் மேற்கூரையை நாக்கால் தடவிப் பாருங்கள். முன்பகுதி கெட்டியாக இருக்கும், அது வல்லண்ணம். பின்னால் போகப்போக மெத்தென்று ஆகும், அது மெல்லண்ணம். அந்த மெல்லண்ணம் ஒரு கதவு. 'ப' சொல்லும்போது அது மேலெழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. காற்று முழுவதும் வாயில் தேங்கி, உதடு திறந்ததும் வெடிக்கிறது. 'ம' சொல்லும்போது கதவு கீழே இறங்கிவிடுகிறது. காற்று மூக்கு வழியாகப் போகிறது. உதடுகளுக்கு இரண்டிலும் ஒரே வேலைதான்.

தமிழ்ப் பாடத்தில் வல்லினம், மெல்லினம் என்று மனப்பாடம் செய்தீர்களே, அவை இரண்டையும் பிரிப்பது இந்தக் கதவு. மெல்லெழுத்து பிறக்க மூக்கின் காற்று வேண்டும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்லியிருக்கிறது. இலக்கண வகுப்பில் தூங்கிவிட்டு உயிரியல் வகுப்பில் விழித்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் கதவு சரியாக அமையாமலே சில குழந்தைகள் பிறக்கிறார்கள். கருவின் முகம் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து நடுவில் வந்து ஒட்டுகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களுக்குள் இது நடந்து முடிய வேண்டும். எங்காவது ஒட்டாமல் போனால் உதட்டிலோ அண்ணத்திலோ இரண்டிலுமோ பிளவு இருக்கும். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது. அறுவை சிகிச்சையால் பிளவை மூடலாம். அண்ணத்துக்கான அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் செய்துவிடப் பார்ப்பார்கள், ஏனென்றால் அதன் பிறகு பேச்சு வேகமாக வளரத் தொடங்கிவிடும்.

தாமதமானால் என்ன ஆகும்? குழந்தை சும்மா காத்திருக்காது. வாயில் காற்றைத் தேக்க முடியவில்லை என்றால் வேறு இடத்தில் தேக்கக் கற்றுக்கொள்ளும். மலாய்மொழியில் 'டுடுக்', 'டாத்துக்' என்று சொல்லும்போது கடைசி 'க்' நாக்கில் படாமல் தொண்டையிலேயே அடைபடுகிறது அல்லவா? அதே அடைப்பைப் பல பிளவுக் குழந்தைகள் 'ப', 'த', 'க' எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். பிறகு மருத்துவர் பிளவை மூடிவிடுவார். ஆனால் தொண்டையின் பழக்கம் மூடாது. அதை மாற்றுவது பேச்சுச் சிகிச்சையாளரின் வேலை.

நான் கோலாலம்பூரில் அந்தத் துறையில் இறுதி ஆண்டு மாணவி. கடந்த ஆண்டு விடுமுறையில் இரண்டு வாரம் வியட்நாமின் ஹோ சி மின் நகரில், ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இருந்தேன். அங்கே கண்டதை வைத்து ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். சேவைப் பயணம் என்று பள்ளியிலோ பிறகு கல்லூரியிலோ உங்களையும் ஒருநாள் அழைப்பார்கள். கம்போடியா, வியட்நாம், இந்தோனேசியா என்று பட்டியல் வரும். என் கருத்து இது: பேச்சு சம்பந்தப்பட்ட வேலையில், போகிறவர் சிகிச்சை தரக்கூடாது. தங்கி இருப்பவர் தர வேண்டும். போகிறவர் அவருக்குக் கையாளாக இருக்கலாம்.

கடுமையாகப் படுகிறதா? சோளத்தின் கதையைக் கேளுங்கள்.

அந்தப் பிரிவின் அலமாரியில் ஒரு கட்டுப் பட அட்டைகள் இருந்தன. நாட்டின் வடக்கே, ஹனோயில் அச்சானவை. குழந்தையிடம் படத்தைக் காட்டி, அது சொல்லும் சொல்லைக் கேட்டு, எந்த ஒலி வருகிறது, எது வரவில்லை என்று குறிப்பதற்கானவை. முதல் நாள் காலை நாங்கள் அட்டைகளை மேசையில் பரப்பியபோது, அங்குள்ள சிகிச்சையாளர் சிலவற்றை எடுத்துத் தனியே வைத்தார். ஒன்று சோளம். வடக்கே சோளத்துக்கு 'ஙோ' என்று பெயர். (ஆம், நம் 'ங' வரிசையில் சும்மா கிடக்கிற அதே எழுத்து. அங்கே அது ஊரில் ஏராளமானோரின் குடும்பப் பெயரைத் தொடங்கி வைக்கிறது.) தெற்கே சோளம் 'பப்'. 'பஸ்' என்னும்போது வருகிற 'ப'வோடு தொடங்க வேண்டும்.

இதில் உள்ள சிக்கலை நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். 'ஙோ'வின் முதல் ஒலி மெல்லினம். கதவு திறந்திருந்தால் போதும். 'பப்' வல்லினத்தில் தொடங்கி வல்லினத்தில் முடிகிறது. கதவு இறுக மூட வேண்டும். ஒரே படம், ஆனால் வடக்கத்திப் பிள்ளைக்கு அது எளிய கேள்வி, தெற்கத்திப் பிள்ளைக்குக் கடினமான கேள்வி. இரண்டு பேரின் மதிப்பெண்களை அருகருகே வைத்து ஒப்பிட்டால் அதற்கு அறிவியலில் மதிப்பே கிடையாது.

தனியே வைத்த இன்னோர் அட்டையில் வாத்து இருந்தது. வடக்கே 'வித்'. தெற்கே அந்த 'வ' பலர் பேச்சில் 'ய' ஆகிவிடும், 'யித்' என்பார்கள். தெற்கில் வளர்ந்த குழந்தை 'யித்' என்றால் அது தன் பாட்டியைப் போலச் சரியாகப் பேசுகிறது என்று பொருள். புத்தகத்தில் வடக்கத்தி உச்சரிப்பை மட்டும் படித்துவிட்டு விமானம் ஏறியவர் அதற்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுவார். இல்லாத குறைக்கு ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்துத் திருத்தத் தொடங்குவார்.

ஆங்கிலப் பாடநூல்களோடு போனால் இன்னும் வேடிக்கை. அண்ணப்பிளவுக் குழந்தைக்கு முதலில் கற்றுத்தர எளிய ஒலி 'பல்' என்பதில் வருகிற 'ப' என்று அவை சொல்லும். உதடு கண்ணுக்குத் தெரிகிறது. காற்று வெடிப்பதைக் கையில் உணரலாம். உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் அது ஆடும். எல்லாம் சரிதான். ஆனால் வியட்நாமியச் சொற்கள் அந்த 'ப'வில் தொடங்குவதில்லை. இரவல் சொற்களில் மட்டுமே அது முதலில் வரும். அவர்களிடம் இருப்பது 'பஸ்'ஸில் வரும் 'ப'. அதையும் அவர்கள் காற்றை வெளியே தள்ளிச் சொல்வதில்லை. குரல்வளையைச் சற்றுக் கீழே இழுத்துச் சொல்கிறார்கள். காகிதத் துண்டு ஆடாது. அது ஆடும் ஆடும் என்று பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கழிக்கலாம்.

இனி சுருதி. உங்கள் சீன நண்பர்கள் 'மா' என்பதை நான்கு விதமாகச் சொல்லி உங்களைக் கேலி செய்திருப்பார்கள். வடக்கு வியட்நாமில் ஆறு விதம்: பேய், அம்மா, 'ஆனால்' என்ற இணைப்புச் சொல், கல்லறை, குதிரை, நெல் நாற்று. தெற்கே அந்த ஆறில் இரண்டு ஒன்றாகிவிட, ஐந்துதான். ஐந்து சொல்லும் தெற்கத்திப் பிள்ளைக்கு ஒரு சுருதி குறையவில்லை. அந்த ஊரில் இருப்பதே அவ்வளவுதான்.

சுருதியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அது எங்கே பிறக்கிறது? குரல்வளையில். குரல் நாண்கள் இறுகினால் ஏறும், தளர்ந்தால் இறங்கும். அண்ணத்துக்கு அதில் வேலை இல்லை. எனவே அண்ணம் பிளந்த குழந்தையின் பேச்சில் மெய்யொலிகள் சிதைந்திருந்தாலும் சுருதி பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும்.

அங்கே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். மீகோங் டெல்டாவின் ஒரு சிற்றூரிலிருந்து, அம்மாவோடு, விடியற்காலைப் பேருந்தில். அண்ணத்தை மூன்று வயதில்தான் மூடியிருந்தார்கள். 'பா' என்று சமமாகச் சொன்னால் தெற்கத்தி வழக்கில் அப்பா. இறக்கிச் சொன்னால் பாட்டி. 'போ' என்று இறக்கிச் சொன்னால் மாடு. இவனுக்கு மூன்றிலும் 'ப' தொண்டையில் அடைபட்டுப்போகும். சமமாக ஓர் 'ஆ', இறங்கி ஓர் 'ஆ', இறங்கி ஓர் 'ஓ'. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. சுருதியை வைத்து, அவன் பார்வை போகும் திசையை வைத்து, நேரத்தை வைத்து. 'அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறான்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் பாலர் பள்ளி ஆசிரியருக்குப் புரியவில்லை. அவர் முன் இருபது, முப்பது பிள்ளைகள். அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி. இவனை ஓராண்டு வீட்டில் வைத்திருந்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா வந்தது அதனால்தான்.

சிகிச்சையாளர் செய்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் அதைச் சற்று முன் நீங்களே செய்தீர்கள். சிறுவனிடம் நல்ல 'ம' இருந்தது. 'மா' என்று ஏற்றிச் சொன்னால் அங்கே அம்மா. முதலில் கண்ணாடியை மூக்கின் கீழ் வைத்து, 'ஆ' என்று இழுத்துச் சொல்லச் சொல்லி, தைத்த கதவு இப்போது மூடுகிறதா என்று பார்த்தார். மூடாவிட்டால் பயிற்சியால் பயனில்லை. மீண்டும் அறுவை சிகிச்சை மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். இவனுக்கு மூடியது. பிறகு 'ம்ம்ம்' என்று சொல்லச் சொன்னார். அம்மாவின் விரல்கள் அவன் மூக்கை மெல்லப் பிடித்தன. மூக்கு அடைபட்டதும் காற்று வேறு வழியின்றி வாயில் தேங்கியது. உதடு திறந்தது. 'பா'!

அவனே திடுக்கிட்டான். கண்ணாடியில் தன் உதட்டையே பார்த்தான். மறுபடியும் மூக்கைக் காட்டிப் பிடிக்கச் சொன்னான்.

அங்கே என் வேலை என்ன? கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை முறை சரியாக வந்தது என்று கோடு போட்டு எண்ணினேன். மாலையில் தெற்கத்திச் சோளம், மாடு, பாட்டி என்று புதிய அட்டைகள் வரைந்தேன். பிள்ளைகள் என்னைக் 'கோ' என்று அழைத்தார்கள். அத்தைக்கும் ஆசிரியைக்கும் அங்கே அது ஒரே சொல். நம்மைப் போலவே அவர்களும் முறை வைத்துத்தான் அழைப்பார்கள்.

ஒருமுறை 'பா' வந்துவிட்டதால் பேச்சு திருந்திவிடாது. மூக்கைப் பிடிக்காமல் வர வேண்டும். தனி ஒலியாக வந்தது சொல்லில் வர வேண்டும். சொல்லில் வந்தது வாக்கியத்தில் வர வேண்டும். கடைசியில் பந்து கைதவறி ஓடும்போது கத்துகிற கத்தலில் வர வேண்டும். தொண்டையின் பழக்கம் சில ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான முறை பழகியது. புதிய பழக்கமும் அப்படித்தான் வரும். தினமும் சில நிமிடங்கள், பல மாதங்கள். அந்த இரண்டு வாரத்தில் சிறுவன் நான்கு முறை வந்தான். மீதி எல்லா நாளும் அவனோடு இருக்கப்போவது அம்மாதான். எனவே நான்கு முறையும் சிகிச்சையாளர் அதிக நேரம் செலவிட்டது சிறுவனிடம் அல்ல, அம்மாவிடம். எப்போது மூக்கைப் பிடிப்பது, எப்போது விடுவது, தொண்டை அடைப்பு வந்தால் எப்படிக் காதால் கண்டுபிடிப்பது, எப்போது 'போதும்' என்று சொல்லி விளையாட விடுவது. பாலர் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார்.

இதை ஒரு வெளிநாட்டு மாணவி மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு செய்திருக்க முடியுமா? தொண்டை அடைப்புக்கும் நல்ல 'ப'வுக்கும் உள்ள வேறுபாட்டை மொழிபெயர்க்க முடியாது. அது அந்த மொழியில் வளர்ந்த காதுக்குத்தான் உடனே தெரியும்.

'ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ இரண்டு வாரமாவது கிடைக்கிறதே' என்று சிலர் சொல்வார்கள். வெளிநாட்டு அறுவை சிகிச்சைக் குழுக்கள் ஒரு வாரம் வந்து நல்லது செய்துவிட்டுப் போவதை எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் செய்வது பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அறுவை சிகிச்சையின் முக்கியப் பகுதி மேசையிலேயே முடிகிறது. பேச்சு அப்படி ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. இரண்டு வாரம் தொடங்கிவிட்டு நிறுத்தினால் குழந்தைக்கு மிஞ்சுவது, தான் பேசுவது தவறு என்ற எண்ணம் மட்டும்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டில் ஊதல்கள், பலூன்கள், சோப்புக் குமிழிப் புட்டிகள் நிறைய இருந்தன. வந்து போனவர்கள் அன்பளிப்பாகத் தந்தவை. ஊதினால் அண்ணம் வலுவாகும், பேச்சு தெளியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஊதும் பயிற்சியால் பிளவுக் குழந்தையின் பேச்சு திருந்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஊதும்போது மெல்லண்ணத்தை இயக்கும் விதம் வேறு, பேசும்போது இயக்கும் விதம் வேறு. கைப்பந்து ஆடினால் கையெழுத்து அழகாகாது அல்லவா? ஆனால் குழந்தை பலூன் ஊதும் படம் கைப்பேசியில் அழகாக இருக்கும். அதனால்தானோ என்னவோ பலூன்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. படம் எடுக்குமுன் அந்தத் தாயிடம் கேட்டார்களா என்பது வேறு கேள்வி.

வியட்நாமில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் ஈராண்டுப் பயிற்சி 2010-இல் ஹோ சி மின் நகரின் ஃபாம் ங்கொக் தாக் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆஸ்திரேலியத் தன்னார்வலர்கள் உதவினார்கள். முதல் அணி 2012-இல் முடித்து வெளியே வந்தது. அந்த ஆஸ்திரேலியர்களை நான் மெச்சுவது, குழந்தைகளுக்கு நேராகச் சிகிச்சை தருவதோடு நில்லாமல் அங்குள்ளவர்களுக்குக் கற்றுத்தந்ததற்காக. நான் பார்த்த சிகிச்சையாளர் அந்தப் பயிற்சியில் வந்தவர். இப்போது அவரும் இளையவர்களுக்குக் கற்றுத்தருகிறார். நம் நாட்டிலும் நிலைமை அதிகம் வேறாக இருக்கவில்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கிய பட்டப்படிப்புதான் இங்கே முதல். அதற்கு முன் இந்தத் துறையைப் படிக்க வெளிநாடுதான் போக வேண்டும்.

ஆகவே உங்களை யாராவது இப்படிப்பட்ட பயணத்துக்கு அழைத்தால், சாமான்களைக் கட்டுமுன் சில கேள்விகள் கேளுங்கள். அங்கே யார் எங்களை அழைத்தார்கள்? நாங்கள் திரும்பிய மறுநாள் அந்தக் குழந்தையை யார் பார்ப்பார்? எங்களுக்கு வேலை சொல்லப்போகிறவர் அந்த ஊர்க்காரரா? பதில் இருந்தால் போங்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் கல்வி பெரிது. பதில் இல்லையென்றால் அந்தப் பயணச் செலவை அங்கே படிக்கும் ஒருவரின் கட்டணத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்களைச் சற்று முறைத்துப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

திரும்பி வந்த பிறகு எனக்கு நம் பிள்ளைகளின் நினைவுதான் அதிகம். கிள்ளானில் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று 'பழம்' என்பதைப் 'பலம்' என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது குறையா, அந்த வயதில் எல்லாரும் சொல்வதா, வீட்டில் அப்பா அம்மாவே அப்படித்தான் சொல்கிறார்களா? ஆங்கிலத்துக்கு எந்த ஒலி எந்த வயதில் வரும் என்று அட்டவணை இருக்கிறது. நான் படித்த பாடநூல்களில் நம் தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழில் சிகிச்சை தரும் ஒருவரைத் தேடி அலையும் பெற்றோரை நான் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் காதில் வாங்கி வளர்ந்த உங்களில் சிலர் உயிரியலையும் விரும்பினால், இந்தத் துறைக்கு வாருங்கள் என்று தயங்காமல் கேட்பேன்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் நான்கைந்து வயதில் தம்பி தங்கையோ அக்கா பிள்ளையோ இருந்தால், பத்துப் படங்களைக் காட்டி 'இது என்ன' என்று கேளுங்கள். சோளப் படமும் அதில் இருக்கட்டும். 'சோளம்' வருமா, 'சோலம்' வருமா, 'ஜாகோங்' வருமா என்று பாருங்கள். சொன்னதைச் சொன்னபடியே, தேதியும் வயதும் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்தாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே படங்களை மறுபடி காட்டுங்கள்.